வலிக்குக் காத்திருக்காதே

ஜூலை 3, புதன்

இந்த நோட்டை ஃபிலோமினா சிஸ்டர் கொடுத்தார். எங்கள் கருங்குன்றம் எஸ்டேட்டின் சுகாதார நிலையத்தில் அவர்தான் நர்ஸ், அவர்தான் எல்லாமும். "சாப்பிட்டு முடிச்சதும் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. குழந்தை அசையுறத எண்ணு. பத்து ஆனதும் நேரத்த எழுதி வை. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. ரெண்டு மணி நேரத்துல பத்து வரலைன்னா எனக்கு போன் பண்ணு" என்றார்.

அவர் கேட்டது எண்ணிக்கை மட்டும்தான். ஆனால் பக்கம் பெரிதாக இருக்கிறது. சும்மா படுத்துக்கொண்டு எண்ணுவதற்குப் பதிலாக எழுதிக்கொண்டே எண்ணினால் நேரம் போகும்.

முப்பத்தேழு வாரம் முடிந்துவிட்டது. எனக்குக் கீழே டவுன் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று சிஸ்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். "போன தடவை நடந்தத வச்சுப் பாத்தா இங்க வச்சுக்க முடியாது, மகுடேஸ்வரி." இங்கிருந்து ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். இருபத்தெட்டு கொண்டை ஊசி வளைவு. மூடுபனி இறங்கினால் இரண்டரை மணி நேரம் ஆகும். அதனால் எப்போது கிளம்புவது என்பதுதான் கேள்வி. வலி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வர ஆரம்பித்தாலே கிளம்பிவிட வேண்டுமாம். கீழே இருப்பவர்கள் போல ஐந்து நிமிடம் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதாம். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைந்தாலோ வலி இருக்கிறதா இல்லையா என்றே பார்க்கக் கூடாது. "அதுக்கெல்லாம் வலிக்குக் காத்திருக்காதே" என்று இரண்டு முறை சொன்னார்.

போன தடவையைப் பற்றி இந்த நோட்டில் எழுதப் போவதில்லை.

காலை 9.10க்குப் படுத்தேன். 9.45க்குப் பத்து. சாயங்காலம் 5.30க்குப் படுத்தேன். 6.05க்குப் பத்து.

ஜூலை 4, வியாழன்

காலை அரை மணியில் பத்து. சாயங்காலம் இருபது நிமிடத்தில். நாள் முழுக்க மழை.

ஜூலை 6, சனி

என் வீட்டுக்காரர் இன்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி வந்திருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் ட்ரையர் ஓட்டுபவர்கள் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். இவருக்கு மட்டும் இந்த மாதம் விலக்கு. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீ கூப்பிட்ட அடுத்த நிமிஷம் வந்துருவேன் ஈஸ்வரி" என்றார். இதோடு நான்காவது நாளாகச் சொல்கிறார்.

நான் எழுந்து போய் அடுப்பைத் தணித்தேன். அரிசி கொதிவந்திருந்தது.

பதினான்காம் தேதியிலிருந்து லீவு கேட்டிருக்கிறார். அன்றைக்கே இறங்கிப் போய், ஆஸ்பத்திரியை ஒட்டி மலையிலிருந்து வருகிற பெண்கள் தங்குவதற்கு இருக்கும் அறையில் நானும் அம்மாவும் தங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. அப்புறம் எப்போது வலி வந்தாலும் பயமில்லை. பையில் நான்கு பழைய வேட்டித் துண்டு, என் நைட்டி மூன்று, ஸ்கேன் காகிதங்கள், ஆதார், சீப்பு, பிளாஸ்க் எல்லாம் வைத்தாயிற்று. குழந்தைக்குச் சட்டை எதுவும் வாங்கவில்லை. பிறந்த பிறகு வாங்கினால் போதும்.

காலை நாற்பது நிமிடம். சாயங்காலம் நாற்பத்தைந்து.

ஜூலை 7, ஞாயிறு

மத்தியான பஸ்ஸில் அம்மா வந்தாள். வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்துப் போயிருந்தாள். வந்ததும் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "எறங்கிருச்சு கண்ணு" என்றாள். கறிவேப்பிலை, சுண்டைவற்றல், பெருங்காயம் எல்லாம் இங்கே கிடைக்காது என்று நினைத்து மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறாள்.

சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தபடியே என்னிடம் சொன்னாள்: "உன்ற ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிப்போடு. இந்தத் தடவ வேலய முடிச்சுப்போட்டு வர்றேங்கற பேச்செல்லாம் வேண்டாம்."

"கேட்டுச்சுங்க அத்தை" என்றார் அவர்.

இரண்டு வருடமாக அம்மா இப்படித்தான். எங்கள் லயன் வீடுகளிலும் பல பேர் இப்படித்தான். அன்றைக்கு நான் ஏழு மணிக்குக் கூப்பிட்டேன், அவர் ஒன்பது மணிக்கு வந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் யாரிடமும் மறுத்துப் பேசியதில்லை.

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையில் நிறையப் பூச்சி.

ஜூலை 9, செவ்வாய்

இன்றைக்கு வெட்கக்கேடு.

காலை ஆறு மணிக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. அப்புறம் அடிவயிறு கல்லாக இறுகியது. விட்டது. மறுபடி இறுகியது. அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடம், பத்து, பத்து, எட்டு. இவர் ஓடிப்போய் எஸ்டேட் ஜீப்பை டிரைவரோடு கூட்டிவந்து லயன் முனையில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவே விடவில்லை. எட்டு வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. சிஸ்டர் குடையோடு வந்து பார்த்தார். கருப்பை வாய் திறக்கவே இல்லை என்றார். கொஞ்சம் நடக்கச் சொன்னார், வெந்நீரில் குளிக்கச் சொன்னார். குளித்து வந்தபோது வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. சூட்டு வலி.

ஜீப் திரும்பிப் போன சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

போன தடவை இரண்டு முறை இப்படிக் கீழே வரைக்கும் போய்த் திரும்பினேன். அப்போது போன ஆஸ்பத்திரி வேறு. இரண்டாம் முறை அங்கே ஒரு அம்மா, "பேசாம இங்கயே பக்கத்துல வீடு பாத்துக்க" என்று சொன்னதும் வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. காத்திருந்து அலுத்துப் போனவர்கள்.

சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் குடையை உதறிக்கொண்டே, "பத்துத் தடவை பொய்யா வந்தாலும் பதினொண்ணாவது தடவையும் கூப்பிடு. நான் சிரிக்க மாட்டேன்" என்றார்.

சாயங்காலம் ஐம்பது நிமிடத்தில் பத்து.

ஜூலை 10, புதன்

காலை ஐம்பத்தைந்து நிமிடம். துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டினோம்.

ஜூலை 11, வியாழன்

விடியற்காலையில் ஒன்பதாம் வளைவில் மண் சரிந்து, ஒரு பெரிய மரமும் சாலைக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. பஸ் வரவில்லை. பாலும் வரவில்லை. இரண்டு நாளில் சரிசெய்துவிடுவார்கள் என்கிறார்கள்.

இவர் செய்தியைச் சொல்லிவிட்டு, "மரத்துக்கு இந்தப் பக்கம் நம்ம ஜீப், அந்தப் பக்கம் நூத்தியெட்டு. நடுவுல கொஞ்சம் நடக்கோணும். நான் பேசி வச்சிருக்கேன். இன்னைக்கே போயிரலாமா?" என்று கேட்டார்.

"மழைல புள்ளத்தாச்சிய மரத்துமேல ஏத்தி எறக்கறதா?" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்து.

நானும் வேண்டாம் என்றேன். பதினான்காம் தேதிக்குள் வழி வந்துவிடும். வலியும் இல்லை. இல்லாத வலிக்கு எத்தனை பேரைத் தொந்தரவு செய்வது?

ஜூலை 12, வெள்ளி

காலை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பத்து. மழைக்குக் குழந்தையும் தூங்கும் போல.

இவர் தொழிற்சாலையிலிருந்து ஐந்து முறை போன் செய்தார். "எப்படி இருக்கு? அசையுதா?" ஐந்தாவது முறை, "சும்மா சும்மா கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?" என்று கத்திவிட்டேன். மறுமுனையில் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "சரி ஈஸ்வரி, வச்சுடறேன்" என்றார்.

சாயங்காலம் பத்து.

ஜூலை 13, சனி

காலை 8.30க்குப் படுத்தேன். 10.20க்குப் பத்து.

அம்மா பருப்பு வேகவைத்திருக்கிறாள். மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து விழவே மாட்டேன் என்கிறது, எண்ணெய் விட வேண்டும்.

அதே நாள், மத்தியானம் 12.50

காலையில் பத்து என்று எழுதியது பொய். நான்கு. இரண்டு மணி நேரம் முழுவதும் படுத்திருந்தும் நான்குதான். நேற்று சாயங்காலம் எழுதியதும் பொய். ஆறு.

அவரிடம் சொல்லிவிட்டேன். ஜீப்புக்கு ஓடியிருக்கிறார். சிஸ்டர் வந்து துடிப்பு பார்த்தார். இருக்கிறது. ஆனால் மெதுவாக இருக்கிறது என்று கீழே ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. வலி இல்லை. துளிக்கூட இல்லை. அம்மா செருப்பு போட்டுவிடுகிறாள். போகிறோம்.

ஜூலை 15, திங்கள்

டவுன் ஆஸ்பத்திரி. தையல் போட்ட இடத்தில் நெருப்பு வைத்தது போல இருக்கிறது. தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

குழந்தை உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட வேண்டும். பெண். இரண்டு கிலோ நானூறு கிராம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

மத்தியானம் இவர் சாப்பிட வந்தார். வழக்கம்போல முதலில் நோட்டைத்தான் எடுத்தார். "பத்து" என்று வாய்விட்டுப் படித்தார். முகம் தெளிந்துவிட்டது. கை கழுவிவிட்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தார். "பாப்பா சமத்து" என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தார். அம்மா ரசம் எடுக்க அடுப்படிக்குப் போனாள்.

அந்தத் தெளிந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஏன் பொய் எழுதினேன் என்று இப்போது யோசித்தாலும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான்கு என்று எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. மறுபடி ஜீப் வரும், எட்டு வாசலிலும் ஆள் நிற்கும், மரத்தைத் தாண்டிப் போன பிறகு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவார்கள் என்றும் தோன்றியது. இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம், இன்னும் ஒரு மணி நேரம் என்று நானே எனக்குத் தவணை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க" என்றேன். "அது பத்து இல்ல. நாலு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்தும் கொறவுதான். நான் மாத்தி எழுதிப்போட்டேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "அன்னைக்கும் இப்படித்தாங்க. மூத்தது வயித்துல இருக்கறப்ப. அன்னைக்குக் காலைலயிருந்தே அசையல. நான் யார்கிட்டயும் சொல்லல. சாயங்காலம் வலி வந்தப்பறம்தான் உங்களக் கூப்புட்டேன். நீங்க ரெண்டு மணி நேரம் லேட்டா வந்ததால இல்லீங்க. அதுக்கு முன்னாடியே..."

அவர் கை சோற்றில் இருந்தபடியே இருந்தது. பிறகு எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டே போனை எடுத்துச் சிஸ்டரைக் கூப்பிட்டார். "சிஸ்டர், திருமூர்த்தி பேசறேன். வலி இல்லீங்க. அசைவு நாலுதான். கெளம்பறோம்." அவ்வளவுதான். ஜீப்புக்கு ஓடினார். சிஸ்டர் துடிப்பு பார்த்து, கீழே போனில் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்துவிட்டது.

இந்த முறை வாசல்களில் யார் நின்றார்கள் என்று நான் பார்க்கவில்லை.

ஜீப்பில் அவர் முன்னால் உட்கார்ந்தார். சிஸ்டரும் அம்மாவும் நானும் பின்னால். சிஸ்டர் என் கையை விடவே இல்லை. "அசையுதா? இப்ப?" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். பதினேழாம் வளைவில் ஒரு முறை அசைந்தது. அப்புறம் இல்லை. இவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இவருடைய பிடரியை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஒன்பதாம் வளைவில் மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி அறுபட்டிருந்தது. சாலை இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸின் விளக்கு தெரிந்தது. நாற்பது, ஐம்பது அடிதான் இருக்கும். ரம்பத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் இறங்கி வந்தார்கள். யாரோ இரண்டு பலகையைச் சேற்றின் மேல் போட்டார்கள். "தூக்கிரலாங்க" என்றார் ஒருவர். சிஸ்டர் வேண்டாம், வழுக்கும், நடக்கட்டும் என்றார்.

இவர் என் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பின்பக்கமாகவே நடந்தார். என் கால் எங்கே பதிகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே, "இடது கால். இப்ப வலது. நில்லு. இடது" என்று சொல்லிக்கொண்டே போனார். சிஸ்டர் பின்னால் இடுப்பைத் தாங்கினார். இவர் செருப்பு ஒன்று சேற்றில் போய்விட்டது. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் என் கால்களை அவ்வளவு கவனமாக இதுவரை யாரும் பார்த்ததில்லை.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரி. சிஸ்டர் பேசி வைத்திருந்ததால் ஸ்ட்ரெச்சர் வாசலிலேயே இருந்தது. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, பனிக்குடத்தில் நீர் மிகவும் குறைந்துவிட்டது, கொடி கழுத்தைச் சுற்றியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். "வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றேன். "வலிக்காக உக்காந்திருந்தா கஷ்டம்மா. நல்ல நேரத்துல வந்தீங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கினார்.

நான் நல்ல நேரத்தில் வரவில்லை. டாக்டரம்மாவுக்கு அது தெரியாது.

வெளியே எடுத்த பிறகு அழுகைச் சத்தம் வரவில்லை. மேலே பெரிய விளக்கு. ஏதோ உறிஞ்சுகிற சத்தம், யாரோ தட்டுகிற சத்தம். நான் எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தெட்டு வரை எண்ணினேன். அப்போது ஒரு பூனைக்குட்டி மாதிரி சின்னதாக ஒரு சத்தம், அப்புறம் பெரிதாக.

ஜூலை 16, செவ்வாய்

போன தடவை மறைத்ததை இன்று அம்மாவிடமும் சொன்னேன். அவள் எனக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெரியாமல் இருந்ததால் சொல்ல முடிந்தது.

சீப்பு நின்றுவிட்டது. "காலைலயிருந்தேவா?" என்று கேட்டாள். "ஆமாம்மா."

"ஏன்டி, நான் அந்த மனுசன எத்தன பேச்சுப் பேசியிருக்கேன்? ரெண்டு வருசமா நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

ஆமாம் என்றேன். அம்மா சீப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனாள். பாதி பின்னின சடையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கீழே வேப்பமரத்தடியில் இவரும் அம்மாவும் ஒரே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். என்ன பேசினார்கள் என்று இருவரும் என்னிடம் சொல்லவில்லை.

என்னோடு அவர் இன்னும் பேசவில்லை. மருந்து வாங்கி வருகிறார், பிளாஸ்க்கில் பால் வாங்கி வருகிறார், "வலிக்குதா" என்று கேட்கிறார். அது பேச்சு இல்லை.

ஜூலை 17, புதன்

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வாய் வைத்துக் குடிக்கிறாள். பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் ஒரு சட்டை இரவல் வாங்கிப் போட்டிருக்கிறோம், அதற்குள் இவள் தொலைந்துபோகிறாள்.

"உங்களுக்குக் கோவமா?" என்று இவரிடம் கேட்டேன். கையிலிருந்த பிளாஸ்க்கை ஜன்னலோரம் வைத்தார்.

"அன்னைக்கு நீ ஏழு மணிக்குக் கூப்பிட்டப்ப, வேலய முடிச்சுட்டு வர்றேன்னு நான் சொன்னது சொன்னதுதானே ஈஸ்வரி. அது மாறிருமா?" என்றார். பிறகு, "ஆனா நீ சொல்லியிருக்கோணும். எப்பயாவது ஒரு நாள் சொல்லியிருக்கோணும். நான் தெனமும் அந்த ரெண்டு மணி நேரத்த நெனச்சுக்கிட்டுத்தான் ட்ரையர் முன்னாடி நின்னேன்" என்றார்.

"சரியாப் போயிருங்களா?"

"தெரியல. நாளாகும்."

அவர் பொய் சொல்லவில்லை என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஜூலை 18, வியாழன்

காலையில் பிறப்புப் பதிவுக்காக ஒரு பெண் படிவத்தோடு கட்டில் கட்டிலாக வந்தார். அப்பா பெயர், அம்மா பெயர், முகவரி. இவர்தான் நின்றுகொண்டு பதில் சொன்னார். நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"மொதக் கொழந்தையா?" என்று அந்தப் பெண், ஆமாம் என்று எழுதப் பேனாவை வைத்துக்கொண்டே கேட்டார்.

இரண்டு வருடமாக யார் கேட்டாலும் எங்களுக்குக் குழந்தை இல்லை என்றுதான் நாங்கள் சொல்லியிருக்கிறோம். இரண்டு பேருமே. அப்படிச் சொல்வது என்று பேசி வைத்துக்கொண்டதுகூட இல்லை.

"ரெண்டாவதுங்க" என்றார் இவர். "மூத்தவ தவறிட்டா. பொண்ணு."

அந்தப் பெண் பேனாவை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து, 2 என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இவர் ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். சனிக்கிழமைக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் உட்காரவில்லை. குழந்தையின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அவளுக்கு என்ன பேர் வைக்கலாம்னு நெனச்சிருந்த?" என்று கேட்டார்.

இவளைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, இன்னும் யோசிக்கவில்லை என்றேன்.

"இவளுக்கு இல்ல" என்றார்.

நான் சொன்னேன். இரண்டு வருடத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவர் அதை ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் மனதில் வைத்திருந்த பெயரைச் சொன்னார்.